லேக்கர்ஸ் கூப்பிட்டால் போக வேண்டுமா?

2024 ஜூனில் டேன் ஹர்லிக்கு, அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணியிடமிருந்து அழைப்பு வந்தது. ஆறு வருடம், 7 கோடி டாலர் என்று செய்தி அடிபட்டது. ஹர்லி அப்போது கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து கோச். 2023, 2024 இரண்டு வருடமும் கல்லூரி சாம்பியன் பட்டம் அவர் அணிக்குத்தான். நாலைந்து நாள் அமெரிக்கா முழுக்க இதே பேச்சு. கடைசியில் மனிதர் போகவில்லை. கனெக்டிகட் அவருக்கு ஆறு வருடத்துக்கு 5 கோடி டாலர் என்று ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக் கொடுத்தது. அதுவும் சின்னக் காசு இல்லை, ஆனால் 2 கோடி டாலரை மேஜையிலேயே விட்டுவிட்டு எழுந்து வந்திருக்கிறார் என்பது உண்மை.

அன்றைக்கு நண்பர்கள் குழுவில் பெரிய சண்டை. "லேக்கர்ஸை வேண்டாம் என்று சொல்பவன் பைத்தியக்காரன்" என்று ஒரு கட்சி, "போயிருந்தால் இரண்டே வருடத்தில் துரத்தியிருப்பார்கள்" என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. ஆனால் அதற்கு நான் சொன்ன காரணம் தப்பு என்று இப்போது தோன்றுகிறது, அதனால்தான் கொஞ்சம் நிதானமாக இந்த இரண்டு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். கல்லூரியில் ஜெயித்த கோச் அங்கேயே இருப்பதா, இல்லை என்.பி.ஏ.வுக்குப் போவதா?

இது ஹர்லிக்கு மட்டும் வந்த கேள்வி இல்லை. அவருக்கு முன்னால் கல்லூரியில் அடுத்தடுத்து இரண்டு வருடம் பட்டம் ஜெயித்தவர் ஃபுளோரிடாவின் பில்லி டோனவன், 2006லும் 2007லும். அவருக்கு முன்னால் டியூக்கின் மைக் ஷிஷெவ்ஸ்கி, 1991, 1992. (கோச் கே என்றால்தான் பலருக்குத் தெரியும், அந்தப் பெயரைத் தமிழில் எழுதும்போது எனக்கே விரல் சுளுக்கிக்கொள்கிறது.) அந்த டியூக் அணியில் ஆட்டத்தை நடத்தும் பாயின்ட் கார்டு பாபி ஹர்லி, நம் ஆளின் அண்ணன். மூன்று பேருக்கும் என்.பி.ஏ. அழைப்பு வந்தது. கோச் கே போகவே இல்லை. டோனவன் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, சில நாளில் வேண்டாம் என்று திரும்பினார், அப்புறம் எட்டு வருடம் கழித்துப் போனார். ஹர்லி இப்போதைக்குப் போகவில்லை.

முதலில் இரண்டும் எவ்வளவு வேறு வேலை என்பதைப் பார்த்துவிடலாம், பந்தும் வளையமும் ஒன்று என்பதால் பலரும் இதைப் பதவி உயர்வு மாதிரி நினைக்கிறார்கள்.

கல்லூரி கோச் தன் ஆட்டக்காரனைத் தானே தேடிப் பிடிக்கிறார். பதினாறு பதினேழு வயதுப் பையனின் வீட்டுக்குப் போய், கூடத்தில் உட்கார்ந்து, அம்மாவிடமும் பாட்டியிடமும் பேசி, உங்கள் பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்து அழைத்து வருகிறார். பையன் ஒரு வருடமோ நாலு வருடமோ ஆடிவிட்டுப் போய்விடுவான், கோச் இருப்பார். டியூக்கின் கேமரன் அரங்கில் பத்தாயிரம் பேர்கூட உட்கார முடியாது, ஆனால் அந்த ஆடுகளத்துக்கே கோச் கே பெயர்தான். டிக்கெட்டுக்காக மாணவர்கள் வாரக்கணக்கில் கூடாரம் போட்டுப் படுத்திருக்கும் புல்தரைக்கும் அவர் பெயர்தான். 42 வருடம் ஒரே இடம், ஐந்து பட்டம். அந்த ஊரில் அவர் கோயில் மூலவர், ஆட்டக்காரர்கள் வந்து போகிற உற்சவங்கள்.

என்.பி.ஏ.வில் இது அப்படியே தலைகீழ். அங்கே மூலவர் ஆட்டக்காரன். அவன் சம்பளம் கோச் சம்பளத்தைவிட நாலைந்து மடங்கு இருக்கும், அவன் ஒப்பந்தத்தை அவ்வளவு லேசில் உடைக்க முடியாது. அணி தோற்றுக்கொண்டே இருந்தால் பதினைந்து பேரை மாற்றுவது எளிதா, ஒருவரை மாற்றுவது எளிதா? இந்தக் கணக்கு எல்லா முதலாளிக்கும் தெரியும். யாரை எடுப்பது, யாரை டிரேடில், அதாவது வேறு அணிக்கு மாற்றாக, கொடுப்பது என்பதெல்லாம் பெரும்பாலும் மேலே இருக்கிற பொது மேலாளரின் வேலை. கோச் கொடுத்த அரிசியில் பொங்க வேண்டியவர்.

தோல்வியின் கணக்கும் வேறு. 2024இல் ஹர்லியின் அணி 40 ஆட்டத்தில் மூன்றே மூன்று தோற்றது. அதற்கு முந்தைய வருடம் என்.பி.ஏ. கோப்பையைத் தூக்கிய டென்வர், 82 ஆட்டம் கொண்ட முதல் சுற்றில் 29 தோற்றிருந்தது. யோசித்துப் பாருங்கள், உலகத்திலேயே சிறந்த அணி என்று பெயர் வாங்கிய வருடத்தில் 29 இரவு தோற்றுவிட்டு ஹோட்டலுக்குப் போக வேண்டும். ஹர்லி எப்படிப்பட்ட ஆள் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு நடுவர் விசில் ஊதவில்லை என்பதற்கே கழுத்து நரம்பு புடைக்கக் கத்துபவர். கல்லூரி இறுதி ஆட்டம் நமக்கு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி வாக்கில் வரும், காபி டம்ளரோடு உட்கார்ந்து அவரைப் பார்த்தால் நமக்கு ரத்த அழுத்தம் ஏறும். வருடத்துக்கு நாற்பது ஆட்டம் அப்படிக் கத்தலாம். எண்பத்திரண்டு ஆட்டம், அதற்கு மேல் கோப்பைக்கான பிளேஆஃப் ஆட்டங்கள் என்று கத்தினால் நவம்பர் கடைசிக்குள் ஆட்டக்காரர்கள் காதை மூடிக்கொள்வார்கள்.

அப்புறம் நேரம். கல்லூரியில் 40 நிமிட ஆட்டம், பந்தை வைத்திருக்க 30 நொடி. என்.பி.ஏ.வில் 48 நிமிடம், 24 நொடி. ஆறு நொடிதானே என்று தோன்றும். ஹர்லியின் அணி ஆடுவதைப் பார்த்தால் அந்த ஆறு நொடியின் அருமை தெரியும், ஒருவன் ஓடி இன்னொருவனுக்குத் திரை போட்டு, அவன் சுற்றி வந்து மூன்றாமவனை விடுவித்து, இப்படிப் பின்னல் மாதிரி பின்னிக்கொண்டே போய்க் கடைசியில் ஒருவன் தனியாக நிற்பான். 24 நொடியில், அதுவும் ஒவ்வொருவனும் அடுத்தவனின் ஆட்டத்தை மனப்பாடம் செய்து வைத்திருக்கும் இடத்தில், அந்தப் பின்னலில் பாதிக்கு நேரம் இருக்காது. பயிற்சிக்கும் நேரம் இருக்காது. இன்றிரவு ஓர் ஊர், நாளை இரவு இன்னோர் ஊர்.

சரி, இவ்வளவு தெரிந்தும் போனவர்கள் என்ன ஆனார்கள்?

ரிக் பிட்டினோவின் கதையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், ஏனென்றால் அவர் ஆழம் தெரியாமல் காலை விட்டவர் இல்லை. அவர் ஏற்கெனவே நியூயார்க் நிக்ஸ் அணிக்கு இரண்டு வருடம் தலைமைக் கோச்சாக இருந்தவர், இரண்டாவது வருடம் 52 ஆட்டம் ஜெயித்தவர். அங்கிருந்து கென்டக்கிக்குப் போய் 1996இல் பட்டம், 1997இல் மறுபடியும் இறுதி ஆட்டம். அப்போதுதான் பாஸ்டன் செல்டிக்ஸ் கூப்பிட்டது. பத்து வருடம், 7 கோடி டாலர் என்று அன்றைக்கே பேசினார்கள், 1997இல் அது கேள்விப்படாத தொகை. பிட்டினோ கேட்டது பணம் மட்டுமில்லை, முழு அதிகாரமும். கோச்சும் அவரே, தலைவரும் அவரே. தலைவர் என்ற பட்டம் அதுவரை ரெட் ஆவர்பாக் என்ற கிழவரிடம் இருந்தது, செல்டிக்ஸ் என்ற பெயரையே பெயராக்கியவர் அவர். அவரிடமிருந்து அதை வாங்கி இவரிடம் கொடுத்தார்கள். பாஸ்டன்காரர்கள் பலருக்கு அது இன்னும் ஆறவில்லை.

அந்த வருடம் டிம் டங்கன் என்ற பெரிய கல்லூரி ஆட்டக்காரர் டிராஃப்டுக்கு, அதாவது அணிகள் வரிசைப்படி புது ஆட்டக்காரர்களை எடுக்கும் இடத்துக்கு, வருகிறார். முதலில் எடுப்பது யார் என்பது தோற்ற அணிகளுக்குள் நடக்கும் குலுக்கலில் முடிவாகும். செல்டிக்ஸ் முந்தைய பருவத்தில் வெறும் 15 ஆட்டம்தான் ஜெயித்திருந்தது, குலுக்கலில் அவர்களுக்கு இரண்டு சீட்டு. டங்கன் நமக்குத்தான் என்ற நம்பிக்கையில்தான் பிட்டினோ வந்தார். குலுக்கலில் டங்கன் சான் அன்டோனியோவுக்குப் போனார். செல்டிக்ஸுக்கு மூன்றாவது, ஆறாவது இடங்கள். பந்தியில் உட்கார்ந்த பிறகு இலையில் ஓட்டை தெரிந்த கதை. மூன்றாவதாக சான்சி பில்லப்ஸ், ஆறாவதாகக் கென்டக்கியில் தன்னிடமே ஆடிய ரான் மெர்சர். பில்லப்ஸுக்கு அப்போது இருபத்தொரு வயது. 51 ஆட்டம் பார்த்துவிட்டு, இவன் ஆகமாட்டான் என்று டொரான்டோவுக்கு டிரேடில் கொடுத்துவிட்டார். ஒரு கல்லூரி கோச்சுக்கு இருக்கும் அவசரம் அது, இந்த வருடமே ஜெயிக்க வேண்டும், அடுத்த வருடம் யார் இருப்பார் என்று தெரியாது. பொது மேலாளர் என்று தனியாக ஒருவர் இருந்திருந்தால், பையனுக்கு இன்னும் இரண்டு வருடம் கொடுங்கள் என்று குறுக்கே நின்றிருப்பார். பிட்டினோவுக்குக் குறுக்கே நிற்க பிட்டினோதான் இருந்தார். 2004இல் அதே பில்லப்ஸ் டெட்ராய்ட் அணிக்காக இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். அந்த டெட்ராய்ட்டின் கோச் யார் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

பிட்டினோவின் இன்னொரு பிரச்சினை அவர் ஆட்டமுறை. ஆடுகளம் முழுக்க எதிரியை விரட்டி விரட்டி மூச்சு முட்ட வைப்பது அவர் கையெழுத்து. இருபது வயதுப் பையன்கள் வாரத்துக்கு இரண்டு ஆட்டத்தில் அதைச் செய்வார்கள். வருடத்துக்கு 82 ஆட்டத்தில் எவன் செய்வான்? முதல் வருடம் 36 வெற்றி வந்தது, பரவாயில்லை என்றார்கள், அதற்கு மேல் வண்டி ஏறவே இல்லை. 2000ஆம் ஆண்டு ஒரு தோல்விக்குப் பிறகு, செல்டிக்ஸின் பழைய நாயகர்களான லாரி பேர்ட் அந்தக் கதவைத் திறந்துகொண்டு வரப்போவதில்லை, மெக்ஹேல் வரப்போவதில்லை, பாரிஷ் வரப்போவதில்லை என்று பத்திரிகையாளர்களிடம் வெடித்தார். சொன்னது உண்மைதான். ஆனால் அணியில் யார் இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் அதிகாரம் முழுக்கத் தன்னிடமே இருக்கும்போது அதைச் சொன்னால் யார் கேட்பார்கள்? 2001 ஜனவரியில் விலகினார். 102 வெற்றி, 146 தோல்வி.

ஜான் கலிபாரி கதையும் இதே அச்சு, கொஞ்சம் சின்ன அளவில். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து 1996இல் நெட்ஸ் அணிக்குப் போனார், கையில் ஆட்டக்காரர்களை எடுக்கும் அதிகாரமும் இருந்தது. அந்த டிராஃப்டில் எட்டாவது இடத்தில் கோபி பிரையன்ட்டை எடுக்க மனது இருந்தும், சுற்றியிருந்தவர்களின் பேச்சுக்கும் கோபியின் தரப்பு காட்டிய பயத்துக்கும் பின்வாங்கிக் கெர்ரி கிட்டில்ஸை எடுத்தார்கள். இரண்டாவது வருடம் 43 ஆட்டம் ஜெயித்து பிளேஆஃபுக்கே போனார், மூன்றாவது வருடம் 20 ஆட்டத்தில் 17 தோற்றதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்புறம் மெம்ஃபிஸ், அப்புறம் கென்டக்கி, 2012இல் பட்டம். கல்லூரிக்குத் திரும்பியதும் மறுபடியும் ராஜா.

இந்த இரண்டு கதையை மட்டும் வைத்துக்கொண்டுதான் நான் அன்றைக்கு நண்பர்களிடம் வாதாடினேன், "கல்லூரி கோச்சுக்கு என்.பி.ஏ.வில் அதிகாரம் இருக்காது, அதனால் தோற்பான்" என்று. எழுதிப் பார்த்தால் நேர் எதிராக இருக்கிறது. இவர்கள் இரண்டு பேருக்கும் வேண்டிய அதிகாரம் இருந்தது. அதுதான் கவிழ்த்தது.

அதற்காக அதிகாரம் இல்லாமல் போனவர்கள் எல்லாம் பிழைத்தார்கள் என்றும் சொல்ல முடியாது. டிம் ஃபிளாய்ட் 1998இல் சிகாகோ புல்ஸுக்குப் போனார், மைக்கேல் ஜோர்டன் போன மறுநாள் மாதிரி. வீடு காலி, சுவரில் ஆணி மட்டும் பாக்கி. 49 வெற்றி, 190 தோல்வி. அந்த அணியை வைத்து யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. மைக் மான்ட்காமரி ஸ்டான்ஃபோர்டிலிருந்து கோல்டன் ஸ்டேட்டுக்குப் போய் இரண்டு வருடமும் அச்சடித்த மாதிரி 34 வெற்றி 48 தோல்வி, முடிந்தது. ஜான் பீலைன் மிச்சிகனை இரண்டு முறை இறுதி ஆட்டத்துக்குக் கொண்டுபோனவர், 66 வயதில் 2019இல் கிளீவ்லாந்து போனார், 54 ஆட்டத்தில் விலகினார். அவர் எவ்வளவு நல்ல ஆசிரியர் என்று எல்லோரும் சொல்வார்கள். அடிப்படையிலிருந்து சொல்லிக்கொடுப்பார். கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் வளர்ந்த மனிதர்களை உட்கார வைத்து அடிப்படையிலிருந்து ஆரம்பித்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்த ஒன்பது மாதம் உதாரணம். போதாக்குறைக்கு ஒரு வீடியோ கூட்டத்தில் வாய் தவறி ரவுடிகள் என்று பொருள்படும் சொல் வந்துவிட்டது, மந்தமாக ஆடுகிறீர்கள் என்பதற்கான வேறு ஒரு சொல்லைத்தான் சொல்ல வந்தேன் என்று மன்னிப்புக் கேட்டார், ஆட்டக்காரர்களின் நம்பிக்கை திரும்பவே இல்லை.

இப்போது பிராட் ஸ்டீவன்ஸ். இவர்தான் என் கணக்கைக் கலைத்தவர்.

இண்டியானாபோலிஸில் பட்லர் என்று ஒரு சின்னப் பல்கலைக்கழகம். அதை வைத்துக்கொண்டு 2010, 2011 இரண்டு வருடமும் இறுதி ஆட்டம் வரை போனார். 2010இல் கோச் கேயின் டியூக்கிடம் 61க்கு 59 என்று தோல்வி, கடைசி நொடியில் பாதி மைதானத்திலிருந்து கார்டன் ஹேவர்ட் எறிந்த பந்து பலகையில் பட்டு வளையத்தில் பட்டு வெளியே போனது. 2013இல் செல்டிக்ஸ் அவரை எடுத்தபோது வயது 36. ஆறு வருட ஒப்பந்தம், 2 கோடியே 20 லட்சம் டாலர். பிட்டினோவுக்குப் பதினாறு வருடம் முன்னால் கொடுத்ததில் பாதிகூட இல்லை. ஆட்டக்காரர்களை எடுக்கும் வேலை முழுக்க டேனி ஏஞ்சிடம். அந்தக் கோடையில்தான் ஏஞ்ச் கெவின் கார்னெட்டையும் பால் பியர்ஸையும் புரூக்ளினுக்கு அனுப்பிவிட்டு, வருங்கால டிராஃப்ட் இடங்களாக வாங்கி அடுக்கி வைத்தார். அதாவது இந்த வருடம் நீ தோற்கலாம், அதற்குத்தான் உன்னை எடுத்தோம் என்று சொல்லாமல் சொன்ன ஏற்பாடு.

முதல் வருடம் 25 வெற்றி, 57 தோல்வி. பட்லரில் அவர் ஆறு வருடத்தில் மொத்தமாகத் தோற்றதே 49தான். ஒரே குளிர்காலத்தில் அதைவிட அதிகம். யாரும் அவரைத் தொடவில்லை. அடுத்த வருடம் 40, அப்புறம் 48, அப்புறம் 53, அப்புறம் 55. புரூக்ளினிடம் வாங்கிய இடங்கள் வழியாக ஜேலன் பிரவுன், ஜேசன் டேட்டம் வந்து சேர்ந்தார்கள். கிழக்குப் பிரிவு இறுதிக்கு மூன்று முறை போனார். கோச்சாகக் கோப்பை வாங்கவில்லை என்று குறை சொல்பவர்கள் உண்டு. சரிதான், வாங்கவில்லை. ஆனால் 2021இல் ஏஞ்ச் விலகியதும் ஸ்டீவன்ஸ் கோச் நாற்காலியை விட்டு மாடிக்குப் போய் அந்த அதிகாரத்தை எடுத்துக்கொண்டார், 2024இல் செல்டிக்ஸ் சாம்பியன், அந்த வருடத்தின் சிறந்த நிர்வாகி விருதும் அவருக்கே. பிட்டினோ முதல் நாளே கேட்டு வாங்கியதை இவர் எட்டு வருடம் கழித்து, அதுவும் ஒரே சமயத்தில் இரண்டு வேலையும் பார்க்காமல், எடுத்துக்கொண்டார். அதே அணி, அதே ஊர்.

டோனவன் இந்த இரண்டுக்கும் நடுவில். 2007 ஜூனில் ஆர்லாண்டோ மேஜிக்குடன் ஐந்து வருடம், 2 கோடியே 75 லட்சம் டாலர் என்று கையெழுத்து போட்டு, பத்திரிகையாளர் கூட்டத்தில் சிரித்து, மறுநாளே வயிற்றைக் கலக்கிவிட்டது. விடுவித்தார்கள், ஐந்து வருடத்துக்கு என்.பி.ஏ. பக்கம் வரக்கூடாது என்ற நிபந்தனையோடு. கல்யாண மண்டபத்திலிருந்து ஓடியவரை ஊர் எப்படிப் பேசும், அப்படிப் பேசினார்கள். (அந்த ஆர்லாண்டோ வேறு கோச்சை வைத்து 2009இல் இறுதிச் சுற்றுக்குப் போனது, அது தனி வயிற்றெரிச்சல்.) ஆனால் எனக்கு அந்த ஓட்டம் கோழைத்தனமாகத் தெரியவில்லை. இரண்டு வழியையும் மனதில் எடை போடுவது ஒன்று, கையெழுத்துப் போட்ட பிறகு ராத்திரி தூக்கம் வருகிறதா என்று பார்ப்பது வேறு. அவருக்கு வரவில்லை. 2015இல் ஓக்லஹோமா சிட்டிக்குப் போனபோது வந்தது. கெவின் டுராண்ட், ரஸ்ஸல் வெஸ்ட்புரூக் இருக்கும் அணி, தலைக்கு மேல் நிதானமான பொது மேலாளர், முதல் வருடமே 55 வெற்றி, கோல்டன் ஸ்டேட்டுக்கு எதிரான ஏழு ஆட்டத் தொடரில் 3க்கு 1 என்று முன்னிலை. அதைக் கோட்டைவிட்டார்கள், டுராண்ட் அதே கோல்டன் ஸ்டேட்டுக்கே போய்விட்டார். கல்லூரியில் இப்படி ஒரு இழப்பு வந்திருந்தால் கோச் அடுத்த வீட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்து அடுத்த பையனை அழைத்து வருவார். என்.பி.ஏ.வில் மேலாளர் முகத்தைத்தான் பார்க்க வேண்டும். டோனவன் அதையும் தாங்கிக்கொண்டு அங்கே ஐந்து வருடம் இருந்தார், 2020இல் சிகாகோ எடுத்துக்கொண்டது. அவர் விளையாட்டு கற்றது யாரிடம் தெரியுமா, பிட்டினோவிடம்தான். பிராவிடன்ஸில் அவருக்கு ஆடி, கென்டக்கியில் அவருக்கு உதவிக் கோச்சாக இருந்தவர். குருவின் பள்ளத்தைப் பார்த்துவிட்டுத் தாண்டினார் என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது, பெரிய பெயர் வாங்கியவர்கள் யாரும் அதைத் தொட மாட்டார்கள்: உதவிக் கோச்சாகப் போவது. கிரெக் போபோவிச் பமோனா பிட்ஸர் என்ற, கூடைப்பந்துக்கு ஸ்காலர்ஷிப்பே இல்லாத மூன்றாம் நிலைக் கல்லூரியில் கோச்சாக இருந்தவர். 1988இல் சான் அன்டோனியோவுக்கு உதவியாளராகப் போனார். அந்த டங்கன் குலுக்கல் நடந்தபோது அங்கே தலைமைக் கோச் அவர்தான். ஐந்து கோப்பை. நாற்பது வயதில் தலைமைக் கோச்சாக இருக்கும் ஒருவரை, வா, மூன்றாவது நாற்காலியில் உட்கார் என்றால் எத்தனை பேர் வருவார்கள்? எதிர்த்திசையில் வருகிறவர்களுக்கும் சுலபமில்லை. பேட்ரிக் ஈவிங் என்.பி.ஏ.வில் பெரும் ஆட்டக்காரர், பல வருடம் அங்கேயே உதவிக் கோச், தான் படித்த ஜார்ஜ்டவுனுக்கே தலைமைக் கோச்சாக வந்தார். ஆறு வருடத்தில் 75 வெற்றி, 109 தோல்வி. பையன்களின் வீட்டுக் கூடத்தில் உட்காருவது ஒரு தனித் தொழில்.

2024இல் ஹர்லி வேண்டாம் என்று சொன்னது சரியா? என் கணக்கில் சரி. லேக்கர்ஸ் ஸ்டீவன்ஸுக்குக் கிடைத்த மாதிரி இடமில்லை. லெப்ரான் ஜேம்ஸுக்கு அப்போது 39 வயது, இன்றைக்கே ஜெயிக்க வேண்டிய அணி, அங்கே முதல் வருடம் 57 தோற்றுவிட்டு யாரும் குடியிருக்க முடியாது. அந்த இடத்துக்கு வந்த ஜே.ஜே. ரெடிக் முதல் வருடமே 50 ஆட்டம் ஜெயித்தார், ஆனால் அவர் அந்த அறையில் இருப்பவர்களோடு ஆடிய தலைமுறை, நடுவில் லூகா டான்சிச் என்ற நட்சத்திர ஆட்டக்காரர் டிரேடில் வந்து விழுவார் என்று 2024 ஜூனில் கடவுளுக்குக்கூடத் தெரிந்திருக்காது. பணத்தை வைத்துப் பார்த்தால் லேக்கர்ஸ். யார் தலைக்கு மேல் இருக்கிறார், எத்தனை தோல்விக்கு இடம் கொடுப்பார் என்று பார்த்தால் கனெக்டிகட்.

ஆனால் இதையே இன்றைக்கு ஒரு இளம் கோச் கேட்டால் அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் கல்லூரி பழைய கல்லூரி இல்லை. 2021 ஜூலையிலிருந்து ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக வருடா வருடம் வேறு கல்லூரிக்குத் தாவலாம். 2025இலிருந்து கல்லூரியே நேரடியாகக் கொடுக்கலாம், முதல் வருடத்தில் எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை. விளைவு, ஏப்ரலில் பருவம் முடிந்ததும் கோச் புதுப் பையன்களை மட்டுமில்லை, தன் அணியில் இருக்கும் பையன்களையே மறுபடியும் கெஞ்சிப் பிடித்து வைக்க வேண்டும், இந்த முறை பக்கத்தில் ஏஜென்டும் உட்கார்ந்திருப்பார். வில்லனோவாவில் இரண்டு பட்டம் வாங்கிய ஜே ரைட் 2022இல் அறுபது வயதில் எழுந்து போய்விட்டார். வர்ஜீனியாவின் டோனி பென்னட், 2019 சாம்பியன், 2024 அக்டோபரில் பருவம் தொடங்கச் சில வாரம் இருக்கும்போது, இந்தப் புதுச் சூழலுக்கு நான் ஏற்ற ஆள் இல்லை என்று கண்கலங்கி விலகினார். தொழில்முறை லீக்கின் தலைவலி எல்லாம் இங்கேயே வந்துவிட்டது, பொது மேலாளர் மட்டும் புதிதாக, அரைகுறையாக வருகிறார். அதிகாரம் உன்னிடம் இருக்கிறது என்ற அந்தப் பழைய ஆறுதல், அதாவது இருப்பதற்கான முதல் காரணம், இப்போது பாதிதான். ஸ்டீவன்ஸுக்குக் கிடைத்த மாதிரி ஆறு வருடமும் ஒரு பொறுமையான மேலாளரும் கிடைத்தால் நாற்பது வயதுக்குக் கீழே இருக்கும் கோச் போய்விடலாம் என்றே சொல்வேன். ஐம்பதைத் தாண்டியவர், ஒரு ஊரில் பெயர் எழுதி வைத்தவர் என்றால் இருக்கட்டும்.

கோச் கேயைப் பற்றி ஒரு வார்த்தை. 2004இல் லேக்கர்ஸ் அவரையும் கூப்பிட்டது, ஐந்து வருடம் 4 கோடி டாலர் என்றார்கள், போகவில்லை. பெரிய ஆட்டக்காரர்களை அவரால் மேய்க்க முடியாது என்று யாராவது சொன்னால் 2008, 2012, 2016 ஒலிம்பிக் தங்கத்தைக் காட்டலாம். கோபியும் லெப்ரானும் அவருக்கு ஆடினார்கள். சில வாரம் மேய்ப்பது வேறு, எட்டு மாதம் மேய்ப்பது வேறு என்று அவருக்கே தெரிந்திருக்கும்.

இனி அந்த டெட்ராய்ட் கோச். லாரி பிரவுன். 1988இல் கான்சஸுக்குக் கல்லூரிப் பட்டம், 2004இல் பில்லப்ஸை வைத்து டெட்ராய்ட்டுக்கு என்.பி.ஏ. கோப்பை. இரண்டையும் வாங்கிய ஒரே கோச் அவர்தான். இருப்பதா போவதா என்ற கேள்விக்கு அவர் பதில், இரண்டும். டென்வர், யூ.சி.எல்.ஏ., நெட்ஸ், கான்சஸ், சான் அன்டோனியோ, கிளிப்பர்ஸ், இண்டியானா, ஃபிலடெல்பியா, டெட்ராய்ட், நிக்ஸ், சார்லட், எஸ்.எம்.யூ. என்று பெட்டியைக் கட்டிக்கொண்டே இருந்தார். அவர் இருந்த மூன்று கல்லூரி அணிகளுக்கும் விதிமீறல் தண்டனை வந்தது, கான்சஸ் பட்டம் வென்ற அடுத்த வருடம் அதைத் தக்கவைக்க ஆடவே அனுமதி இல்லை. நிக்ஸில் 23 வெற்றி 59 தோல்வி என்று ஒரு வருடத்தில் துரத்தப்பட்டார். போபோவிச் ஒரு பருவம் போய் அமர்ந்து தொழில் கற்றது இவரிடம், கலிபாரி இளைஞனாக வேலை பார்த்ததும் இவரிடம். அவரை முன்மாதிரி என்று யாருக்கும் சொல்ல மாட்டேன், குடும்பம் தாங்காது. 2021இல், எண்பது வயதில், மெம்ஃபிஸ் பல்கலைக்கழகத்தில் பென்னி ஹார்டவேக்கு உதவிக் கோச்சாகப் போய்ச் சேர்ந்தார்.